ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தும் புண் ஏன் ஆறவில்லை?

செம்பூரிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 67 வயது, பல வருடமாகச் சுகர். உள்ளங்காலில் ஒரு புண், ஆறு வாரமாகியும் மூடவில்லை. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 14,000. சாப்பாட்டோடு வோக்லிபோஸ் மாத்திரை போடுகிறார். அது 'சர்க்கரையை வெட்டும் என்சைமைத் தடுக்கும்' மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் மகள் வேறொன்றைப் படித்துவிட்டார்: உடம்பில் அழற்சி வரும்போது வெள்ளை அணுக்கள் எங்கே போகவேண்டும் என்பதைச் சர்க்கரையை வெட்டும் என்சைம்கள் தீர்மானிக்கின்றனவாம். அப்படியானால் அந்த மாத்திரைதான் அணுக்களை ரத்தத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறதா, எண்ணிக்கை கூடியதும் புண் ஆறாததும் அதனால்தானா என்பது அவர் கேள்வி.

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், யாராவது பாதி படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. இல்லை, அந்த மாத்திரை காரணம் இல்லை. வோக்லிபோஸ் வேலை செய்யும் இடம் சிறுகுடலின் உள்சுவர். சோறும் இட்லியும் செரித்து வரும் சின்னச் சர்க்கரைத் துண்டுகளைக் குளுக்கோஸாக உடைக்கும் என்சைம்கள் அங்கே இருக்கின்றன, அவற்றை அது மந்தப்படுத்துகிறது. ரத்தத்துக்குள் அது ஏறுவது மிகவும் குறைவு. வயிறு உப்புகிறது, வாயு பிரிகிறது என்று சுகர்காரர்கள் அலுத்துக்கொள்வதும் இதனால்தான்: உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நொதிக்கிறது. நீங்கள் படித்த என்சைம்கள் வேறு, அவை வெட்டும் சர்க்கரையும் வேறு. ஆனால் நீங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டதில் தப்பே இல்லை. தமிழில் நோய்க்கும் சர்க்கரை, காபியில் போடுவதும் சர்க்கரை, செல்லின் மேல் ஒட்டியிருக்கும் சங்கிலிக்கும் சர்க்கரை. குழம்பாமல் என்ன செய்யும்?

நான் டாக்டர் இல்லை. மும்பையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் 27 வருடம் வெள்ளை அணுக்களோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது மாட்டுங்காவில் ஓய்வில் இருக்கிறேன். புண்ணைப் பார்த்துச் சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. அணுக்கள் எப்படி ரத்தக் குழாயை விட்டு இறங்குகின்றன என்பதை மட்டும் ஓரளவு சொல்ல முடியும்.

நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் முளைத்திருக்கின்றன. குளுக்கோஸ் மட்டும் இல்லை. காலக்டோஸ், ஃபியூகோஸ், சயாலிக் அமிலம் என்று பல வகை மணிகள் கோத்த கிளைவிட்ட சங்கிலிகள். ரத்தக் குழாயின் உள்சுவரிலும் அப்படித்தான், ஆற்றங்கரைக் கோரைப்புல் மாதிரி அடர்ந்து நிற்கும். அதற்கு கிளைகோகேலிக்ஸ் என்று பெயர். காலில் ஒரு முள் குத்திக் கிருமி உள்ளே போனால், அந்த இடத்துக் குழாய்ச் சுவர் செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டும். ஒரு வகை சில நிமிடங்களிலேயே வந்துவிடும், இன்னொரு வகை வர சில மணி நேரம் ஆகும். வெள்ளை அணுவின் மேல் நான்கு சர்க்கரை மணிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோத்த ஒரு நுனி இருக்கிறது. அதில் சயாலிக் அமிலமும் ஃபியூகோஸும் கட்டாயம் வேண்டும். செலக்டின் பிடிப்பது அந்த நுனியைத்தான். வயல் வரப்பில் நடந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டுமே, அந்த மாதிரிப் பிடிப்பு: ஒட்டும், இழுத்தால் விடும், அடுத்த அடியில் மறுபடி ஒட்டும். நுண்ணிய ரத்தக் குழாயில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வாக்கில் ஓடிக்கொண்டிருந்த அணு, இப்படி ஒட்டி விட்டு ஒட்டி விட்டு, சுவரோரமாக உருள ஆரம்பிக்கும். உருளும்போது வேகம் ஐம்பதில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, பிளாட்ஃபாரம் ஓரமாக ஊர்ந்து வருகிற கதை. ஊர்ந்தால்தானே இறங்க முடியும்?

எங்கள் கூடத்தில் இதைக் கண்ணால் பார்ப்போம். செலக்டின் பூசிய கண்ணாடித் தடத்தில், மனித ரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்களைப் பம்ப் வைத்து ஓடவிடுவோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கோடுகோடாகப் பறந்துகொண்டிருக்கும் கூட்டத்திலிருந்து ஒன்று திடீரென்று சுவரில் தட்டி, தடுமாறி, கடுகு உருள்வது மாதிரி மெதுவாக உருளும். பிறகு அதே அணுக்களைச் சயாலிடேஸ் என்ற என்சைமில் 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி ஓடவிடுவோம். இந்த என்சைம் காலராக் கிருமியிலிருந்து எடுத்தது. சங்கிலி நுனியில் இருக்கும் சயாலிக் அமிலத்தை மட்டும் நறுக்கிவிடும். இப்போது ஒன்றுகூட நிற்காது. எல்லாம் பறந்துபோகும். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பம்ப் கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

சரி, அப்படியானால் சர்க்கரையை வெட்டினால் அணு நிற்காது, கணக்கு முடிந்தது என்று தோன்றும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் அதே சயாலிடேஸ் போட்ட அணுக்களை, ஓட்டமே இல்லாத தட்டில், ரத்தக் குழாய்ச் செல்களின் மேல் சும்மா விட்டுப் பார்த்தோம். ஒட்டாது என்று எதிர்பார்த்தால், சாதாரண அணுக்களைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டன! காரணம் இருக்கிறது. சயாலிக் அமிலம் எதிர்மின்சுமை உடையது. அணுவின் மேலும் அது, சுவரின் மேலும் அது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். தவிர, அணுவை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் இன்டெக்ரின் என்ற புரதங்களைச் சயாலிக் அமிலம் ஓரளவு அடக்கியும் வைத்திருக்கிறது. அதை நறுக்கினால் தள்ளுதல் குறையும், இன்டெக்ரினின் பிடி இறுகும். ஆக, ஒரே வெட்டு உருளுவதைக் கெடுக்கிறது, ஒட்டுவதை வளர்க்கிறது. எந்தக் கட்டத்தில் வெட்டு விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அணு உள்ளே போவதும் போகாததும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1964-இலேயே கெஸ்னர், கின்ஸ்பர்க் என்ற இருவர், எலியின் லிம்ஃபோசைட்டுகளை (இன்னொரு வகை வெள்ளை அணுக்கள்) சர்க்கரை வெட்டும் என்சைம் கலவையில் ஊறவைத்து வேறு எலிக்கு ஏற்றினார்கள். வழக்கமாக நிணநீர்க் கணுக்களுக்குப் போகவேண்டிய அணுக்கள் கல்லீரலில் போய்க் குவிந்தன. செல்லின் மேலுள்ள சர்க்கரை வெறும் பூச்சு இல்லை, விலாசம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. செலக்டின்களைக் கண்டுபிடிக்க அதற்குப் பிறகும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையின் பழைய முடிவுகள் சிலவற்றை நான் முழுதாக நம்புவதில்லை. ஒருமுறை எங்களுக்கு வந்த ஒரு சயாலிடேஸ் குப்பியில் அணுக்கள் எதிலுமே ஒட்டவில்லை, உருளவும் இல்லை, அசைவே இல்லை. மூன்று மாதம் அதை வைத்து ஒரு பெரிய கதை கட்டினோம். கடைசியில் பார்த்தால், குப்பியில் புரதத்தை வெட்டும் என்சைம் கொஞ்சம் கலந்திருந்தது. சர்க்கரை நுனியோடு சேர்த்து அதைத் தாங்கும் புரதத்தையே அது அறுத்துவிட்டிருக்கிறது. கிருமிகளிலிருந்து எடுக்கும் என்சைம்களில் இந்தக் கலப்படம் அடிக்கடி நேரும். அதன் பிறகு, புரதம் வெட்டுப்படவில்லை என்று தனியாகக் காட்டாத எந்த ஆய்வையும் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன்.

கிருமியின் என்சைமை விடுங்கள், நம் உடம்பிலேயே நான்கு சயாலிடேஸ்கள் இருக்கின்றன. நியூட்ரோஃபில் தூண்டப்பட்டால், உள்ளே பையில் வைத்திருக்கும் சயாலிடேஸை அது தன் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. அப்போது சயாலிக் அமிலம் உதிர்கிறது, ஒட்டும் தன்மை கூடுகிறது. இதை 1991-இல் காட்டினார்கள். உருள்வது முடிந்து இறுக ஒட்டவேண்டிய நேரத்தில் அணு தானே தன் சர்க்கரையை வெட்டிக்கொள்கிறது என்று இதைப் படிக்கலாம். அழகான விளக்கம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆய்வுத் தட்டில் நடப்பது உயிருள்ள மனிதக் காலில் அதே அளவில், அதே வரிசையில் நடக்கிறதா என்பது இன்னும் உறுதியாகவில்லை.

உறுதியான விஷயத்துக்கு வருகிறேன், அதில் நம்ம ஊர்ப் பெயரே இருக்கிறது. 1952-இல் பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் ஒரு விசித்திர ரத்த வகையைக் கண்டார்கள்: ஓ வகை மாதிரி இருக்கும், ஓ ரத்தமும் ஏற்காது. ஏ, பி, ஓ எல்லாவற்றுக்கும் அடித்தளமான எச் என்ற சர்க்கரை அமைப்பே அதில் இல்லை, ஏனென்றால் நுனியில் ஃபியூகோஸ் மணியைக் கோக்கும் என்சைம் வேலை செய்யவில்லை. அதுதான் பம்பாய் ரத்த வகை. இந்தியாவில் சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்பார்கள். அவர்களுக்கு நோய் எதிர்ப்பில் குறை எதுவும் கிடையாது, ஏனென்றால் வெள்ளை அணுவின் நுனியில் ஃபியூகோஸைக் கோப்பது வேறொரு என்சைம். ஆனால் 1992-இல் இஸ்ரேலில் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். பம்பாய் ரத்த வகை, வளர்ச்சிக் குறைவு, திரும்பத் திரும்பத் தொற்று. ரத்தத்தில் வெள்ளை அணுக்களோ ஏகத்துக்கும் அதிகம், புண்ணில் சீழ் மட்டும் பிடிக்காது. அந்தக் குழந்தைகளின் செல்களில் ஃபியூகோஸ் சங்கிலிக்குப் போய்ச் சேரவே வழி இல்லை, அதனால் எந்த அணுவின் நுனியிலும் அது இல்லை. அணுக்கள் உருள முடியவில்லை. உருளாததால் இறங்க முடியாமல் ரத்தத்திலேயே சுற்றின. இதே நோய் வந்த வேறொரு குழந்தைக்கு ஃபியூகோஸைக் குடிக்கக் கொடுத்தபோது வெள்ளை அணு எண்ணிக்கை இறங்கியது, தொற்றும் குறைந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அது பலிக்கவில்லை.

இதனால்தான் உங்கள் கேள்வி என்னை நிறுத்தியது. 'எண்ணிக்கை அதிகம், ஆனால் புண்ணுக்குப் போகவில்லை' என்று நீங்கள் கற்பனை செய்தது ஒரு நிஜ நோய். ஆனால் அது பிறவியிலேயே வருவது, உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறது. 67 வயதில் வராது.

இனி சுவர்ப் பக்கம். உருள்கிற அணுவுக்கு 'இங்கே இறங்கு' என்று சொல்வது கீமோகைன் என்ற சின்னப் புரதங்கள். ஓடும் ரத்தத்தில் அவற்றைச் சும்மா விட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் சுவரில் உள்ள ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற நீளச் சர்க்கரைச் சங்கிலியில் அவை பற்றிக்கொண்டு நிற்கின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம். எலிகளில் குழாய்ச் சுவரின் ஹெப்பாரன் சல்ஃபேட்டைச் சரியாக உருவாகவிடாமல் மரபணுவை மாற்றியபோது, அழற்சி இடத்துக்கு வந்த நியூட்ரோஃபில்கள் குறைந்துவிட்டன. இந்தச் சங்கிலியை வெட்ட நம் உடம்பில் ஹெப்பாரனேஸ் என்ற என்சைம் இருக்கிறது, தட்டணுக்களில் நிறையவே. அப்படியானால் ஹெப்பாரனேஸ் கூடினால் அணுக்கள் வருவது குறையவேண்டும், இல்லையா? நடப்பது தலைகீழ். 2012-இல் கிருமி ரத்தத்தில் பரவிய நிலையை எலியின் நுரையீரலில் பார்த்தார்கள். ஹெப்பாரனேஸ் அந்தக் கோரைப்புல்லை மேய்ந்துவிட்டது. புல்லுக்குள் மறைந்திருந்த ஒட்டும் புரதங்கள் வெளியே தெரிந்தன. நியூட்ரோஃபில்கள் வந்து அப்பிக்கொண்டன. ஹெப்பாரனேஸைத் தடுத்தபோது ஒட்டுவது குறைந்தது. இரண்டு முடிவும் சரிதான். புல் உயரம் அரை மைக்ரோமீட்டருக்கு மேல், செலக்டின் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, புல்லுக்கு அடியில் கிடக்கிறது. புல் மட்டமானால் அணு அதை எட்டும். ஆனால் சங்கிலியே தவறாகப் பிறந்தால் கீமோகைனுக்குப் பற்றிக்கொள்ளச் சுவர் இல்லை. வளர்ந்த புல்லை வெட்டுவதும் புல்லே முளைக்காமல் இருப்பதும் ஒன்றாகுமா? ஆய்வுகளில் பலர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசிவிடுகிறார்கள், எனக்கு அதில் எரிச்சல் உண்டு.

குழாய்ச் சுவரின் செல்களைத் தாண்டிய பிறகும், அவற்றுக்கு அடியில் விரிந்திருக்கும் அடித்தளச் சவ்வில் ஹெப்பாரன் சல்ஃபேட் இருக்கிறது. அணு தன் ஹெப்பாரனேஸால் அதை அறுத்துத்தான் வழி செய்துகொள்கிறது என்று வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். அந்த என்சைமே இல்லாத எலிகளில் சில ஆய்வுகள் அணுக்கள் வருவது குறைந்ததாகச் சொல்கின்றன, சில ஆய்வுகள் வித்தியாசமே இல்லை என்கின்றன. இதில் நான் எந்தக் கட்சியும் இல்லை.

இவற்றையெல்லாம் மருந்தாக்க முடியாதா என்றால், முயற்சி நடந்திருக்கிறது, பெரும்பாலும் அடி வாங்கியிருக்கிறது. சுலோடெக்சைட் என்ற மருந்து, ஆராய்ச்சிக் கூடத்தில் ஹெப்பாரனேஸைத் தடுக்கும். சுகரால் சிறுநீரகம் கெடுவதை அது நிறுத்துமா என்று பெரிய அளவில் சோதித்தார்கள், பலன் இல்லை. செலக்டினை அடைக்கும் ஒரு மருந்துக்கு, அரிவாள் செல் ரத்தசோகைக்காக 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023-இல் ஐரோப்பா தன் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வீக்கத்துக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் செர்ராஷியோபெப்டிடேஸ் 'என்சைம் மாத்திரை'யை இதோடு சேர்க்காதீர்கள். அது புரதத்தை வெட்டுவது, பட்டுப்புழுக் குடல் கிருமியிலிருந்து வந்தது. பலனை நிரூபிக்க முடியாமல் ஜப்பானில் 2011-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு யாராவது அதைச் சிபாரிசு செய்தால் வாங்கவேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். சர்க்கரையை வெட்டும் என்சைம் ஒன்று நிஜமாகவே ஆஸ்பத்திரியில் தினம் பயன்படுகிறது: கண்புரை ஆபரேஷனுக்கு மரத்துப்போக ஊசி போடும்போது, மருந்து பரவுவதற்காகக் கலக்கும் ஹயலுரோனிடேஸ். ஆனால் அதற்கும் வெள்ளை அணுக்களை அனுப்பும் வேலைக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது உங்கள் அம்மாவின் சுகருக்கு வருவோம். நீங்கள் போட்ட முடிச்சு ஒரு இடத்தில் பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் மாத்திரை வழியாக இல்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகமாக இருந்தால் குழாய்ச் சுவரின் கோரைப்புல் மெலிகிறது. மனிதர்களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகத்தில் ஹெப்பாரனேஸ் கூடுகிறது. அந்த என்சைம் இல்லாத எலிகளுக்குச் சுகர் வரவைத்தபோது சிறுநீரகம் அந்த அளவுக்குக் கெடவில்லை. அதிகக் குளுக்கோஸில் நியூட்ரோஃபில்கள் மந்தமாக நகர்கின்றன, கிருமியைக் கொல்வதிலும் பின்தங்குகின்றன. இதெல்லாம் உண்மை. ஆனால் உள்ளங்கால் புண் ஆறாமல் இருக்க இவற்றைவிடப் பெரிய காரணங்கள் மூன்று சாதாரணமாக இருக்கும்: நரம்பு மரத்து வலி தெரியாமல் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பது, காலுக்கு ரத்தம் போகும் பெரிய குழாய் அடைத்திருப்பது, உள்ளே எலும்புவரை தொற்று போயிருப்பது.

14,000 என்ற எண்ணைக் கேட்டுத்தான் எனக்குக் கவலை. அது அணுக்கள் சிக்கிக்கொண்டதைக் காட்டும் எண் இல்லை. எலும்பு மஜ்ஜை கூடுதலாக ஆள் அனுப்புகிறது, எங்கோ தேவை இருக்கிறது என்று காட்டும் எண். சுகர்காரர் காலில் புண் இருந்து, எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டினால், தொற்று காலோடு நிற்கிறதா, உடம்பைத் தொட ஆரம்பித்துவிட்டதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். அதனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் நாளைக்கே அழைத்துப் போங்கள்; காய்ச்சல், நடுக்கம், புண்ணைச் சுற்றிச் சிவப்பு ஏறுவது, நாற்றம் இவற்றில் ஒன்று இருந்தால் இன்றைக்கே. கணுக்கால் பக்கம் நாடி பார்த்தார்களா, புண்ணுக்குள் குச்சி விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்தார்களா, அந்தக் காலில் பாரம் விழாமல் இருக்க என்ன செருப்பு, என்ன கட்டு என்று கேளுங்கள். வோக்லிபோஸை டாக்டர் சொன்னபடி வழக்கம்போல் கொடுங்கள். ரத்த ரிப்போர்ட்டில் வெறும் மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால், நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்ற பக்கத்தையும் வாங்கிக் கையோடு எடுத்துப் போங்கள்.